தலைமாட்டுக் கற்றாழை

சேசு மரி சூசை

மண்டபம்,
8-10-1937

தம்பி குழந்தைசாமிக்கு மதினி ஆரோக்கியம்மாள் எழுதுவது.

நான் வீட்டைப் பூட்டிச் சாவியை உங்கள் பெண்சாதி சந்தனத்திடம் கொடுத்துவிட்டுப் புறப்பட்டது இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். "அவுகளுக்குத் தெரியுமாக்கா?" என்று அவள் கேட்டாள். அவுகளும் நானும் பேசியே மூன்று வருஷம் ஆகப்போகிறதே, எந்த வாயால் சொல்ல என்றேன். கோவில் உபதேசியார் வீட்டு மூத்த மருமகள் தனியாகக் கப்பல் ஏறிவிட்டாள் என்று ஊர் பேசும். நாலு நாள் பேசிவிட்டுக் கடலை பிடுங்கப் போய்விடும்.

இலங்கைக்குப் போகிறேன். உங்கள் அண்ணன் கல்லறையைப் பார்க்கப் போகிறேன். வருகிற கல்லறைத் திருநாளுக்கு, நவம்பர் இரண்டாம் தேதி, அவர் தலைமாட்டில் என் கையால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். அங்கே ரப்பர் தோட்டத்துக் காய்ச்சலில் அவர் போய்விட்டார் என்று தந்தி வந்தபிறகு இரண்டு திருநாள் போய்விட்டது. எல்லாரும் அவரவர் கல்லறையைக் கழுவிப் பூப்போட்டு உட்கார்ந்திருக்க, நான் மட்டும் கல்லறைத் தோட்டத்து நடுச் சிலுவையடியில் திக்கற்றவர்களோடு நின்று ஏற்றினேன். அந்தச் சிலுவைக்கும் எனக்கும் என்ன உறவு? இந்த வருஷமும் அங்கே போய் நிற்க என்னால் ஆகாது.

தந்தி வந்த அன்றைக்கே கூடப்பிறந்தவன் புறப்பட்டிருந்தால் மண் காய்வதற்குள் பார்த்திருக்கலாம் என்று ஊரார் முன்னால் உங்களைக் கேட்டேன். கேட்டதை நான் மறக்கவில்லை, நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். அது கிடக்கட்டும்.

மானாமதுரையில் காப்பிக்கு அம்மன் காசை எண்ணி நீட்டினேன். கடைக்காரன் அதைப் புரட்டிப் பார்த்து, "இது எந்த ஊரு சாமிங்க?" என்று சிரித்தான். நம் சமஸ்தானத்து எல்லை தாண்டினால் நம் காசுக்கு மதிப்பில்லை என்று எனக்குத் தெரியாதா? அவசரத்தில் கை அந்த முடிச்சுக்குப் போய்விட்டது. இங்கே மண்டபம் முகாமில் காய்ச்சல் சோதனைக்காக எங்களை நிறுத்திவைத்திருக்கிறார்கள். வேலிக்கு உள்ளே சர்க்கார், வெளியே தரகர். ஒருவன் என் ஊரைக் கேட்டுவிட்டு, "புதுக்கோட்டை ராசா சனமா? அப்ப நீங்க வெள்ளைக்காரன் குடி இல்லையே ஆத்தா. ஒங்களுக்குத் தனிச் சீட்டு வேணுமே" என்று கையைப் பிசைந்தான். பயந்துபோய் மூன்று ரூபாய் கொடுத்து அவன் தந்த இங்கிலீஷ் சீட்டை வாங்கிக்கொண்டேன். உள்ளே குமாஸ்தா அதைப் படித்துவிட்டு, "இது குடை வாங்கின ரசீது" என்றார். வாங்காத குடைக்கு ரசீது வைத்திருக்கிறேன், வெளியே மழை பெய்கிறது.

பதில் எழுத மனம் இருந்தால், ரம்புக்கணை ஆத்மநாதன் மளிகைக் கடை மேற்பார்வைக்குப் போடுங்கள். உங்கள் அண்ணன் எப்போதும் எழுதிய விலாசந்தான். பேச வேண்டாம். எழுதினால் போதும்.

ஆரோக்கியம்மாள்


சேசு மரி சூசை

வல்லத்திராக்கோட்டை தபால்,
14-10-1937

மதினி அவர்களுக்கு உபதேசியார் குழந்தைசாமி தோத்திரம்.

கடிதம் கிடைத்தது. உங்கள் ஆடு சுகம். கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் ஆடிக்கொண்டிருந்தது, ஆணி அடித்துவிட்டேன்.

நீங்கள் செய்தது சரியில்லை. ஒரு பெண்பிள்ளை ஒத்தையாகக் கடல் தாண்டிப் போகிற காலமா இது? சாமியார் பூசை முடிந்து என்னைக் கூப்பிட்டு, "உன் மதினி எங்கே?" என்று கேட்டார். சொந்தக்காரர் வீட்டுக்கு என்றேன். உபதேசியாரைப் பொய் சொல்ல வைத்துவிட்டீர்கள்.

அண்ணன் ஆத்துமத்துக்கு வருஷா வருஷம் பூசை வைத்துக்கொண்டுதான் இருக்கிறோம். சர்வேசுரனுக்கு அவர் இருக்கிற இடம் தெரியும். நமக்குத் தெரிந்து ஆகப்போவது என்ன? நடுச் சிலுவையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தூரதேசத்தில் செத்தவர்களுக்காகத்தான் அதை நட்டுவைத்தார்கள். அங்கே ஏற்றுகிற திரி அவர்களுக்குப் போய்ச் சேராது என்று யார் சொன்னது?

போனது போனீர்கள். யார் என்ன விலை சொன்னாலும் பாதியில் ஆரம்பியுங்கள். நம் ஊர்க்காரன் என்று சொல்லிக்கொண்டு வருகிறவனிடம் கால்வாசியில் ஆரம்பியுங்கள்.

நீங்கள் அன்றைக்குக் கேட்டதை நானும் மறக்கவில்லை.

இப்படிக்கு,
குழந்தைசாமி


சேசு மரி சூசை

ரம்புக்கணை,
22-10-1937

தம்பிக்கு,

உங்கள் புத்திமதி ஒரு வாரம் முந்தி வந்திருக்க வேண்டும். கால்வாசியில் ஆரம்பிக்கச் சொன்ன ஆளைக் கப்பலிலேயே சந்தித்துவிட்டேன். கண்ணுசாமி என்று பெயர். நான் வாந்தியெடுத்து முடித்ததும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். "நானும் அறந்தாங்கிப் பக்கந்தான் ஆத்தா. ஒங்களைத் தனியா விட்டுட்டுப் போனா எங்க அம்மா என்னைய வீட்டுக்குள்ள சேக்காது" என்றான். அம்மா என்று சொன்னதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரம்புக்கணைக்குக் கொழும்பு போய்த்தான் திரும்பி வரவேண்டும் என்று சொல்லி ரயில் சீட்டு எடுத்தான்.

கொழும்பில் ஒரு சந்துக்குள் கூட்டிக்கொண்டுபோய் ஒரு தங்கும் இடத்தில் விட்டான். படுக்கப் பாய்க்குத் தனிக் காசு. கை கழுவத் தண்ணீருக்குத் தனிக் காசு. ஊர் காட்டுகிறேன் என்று ரிக்‌ஷாவில் ஏற்றி, கடலையும் கடிகாரக் கோபுரத்தையும் சுற்றிக் காட்டினான். நான் ஊர் பார்க்க வரவில்லையே என்றேன். "வந்ததுக்குப் பாத்துட்டுப் போங்க, திரும்ப எப்ப வரப்போறீங்க?" என்றான். அதற்கும் காசு. மறுநாள் காலையில் அவனைக் காணோம். ஸ்டேஷனில் ஒரு டிக்கெட் பரிசோதகர் என் சீட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். நான் வந்த அதே ரயில் விடியுமுன்னே பொல்காவலையில் நின்றதாம். அங்கே இறங்கியிருந்தால் ரம்புக்கணை கூப்பிடு தூரமாம். நான் அந்த நேரத்தில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

இங்கே ஆத்மநாதன் ஆவுடையார்கோவில்காரர். வாய் நிறைய ஆத்தா என்கிறார். அரிசி மூட்டைகளுக்கு இடையில் படுக்க இடம் கொடுத்து வாடகையும் கேட்கிறார். உங்கள் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்ததற்கு ஐந்து சதம் வாங்கிக்கொண்டார். ரயிலடியில் அப்பம் விற்கிற சிங்களக் கிழவி ஒருத்திதான் மிச்சச் சில்லறையை என் உள்ளங்கையில் எண்ணி வைத்தாள். அவளோடு பேசலாம் என்றால் அவள் பாஷை எனக்குத் தெரியவில்லை.

நேற்று அவர் வேலை பார்த்த தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். காவல்காரனுக்குக் கொடுத்துத்தான் உள்ளே விட்டான். மழையில் மத்தியானம்வரை நின்றேன். காலெல்லாம் அட்டை. கணக்கப்பிள்ளை செத்தவர் பெயரைக் கேட்டார். தம்பி, அவர் பெயரை நான் வாயால் சொன்னதே கிடையாது. கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாளும் சொல்லவில்லை. கணக்கப்பிள்ளை பேனாவை வைத்துக்கொண்டு, "பேரு தெரியாமலா வந்தீங்க?" என்கிறார். பின்னால் நின்றவர்கள் சிரிக்கிறார்கள். கடைசியில் காகிதம் வாங்கி எழுதிக் காட்டினேன். சூசைமாணிக்கம். எழுதின பிறகு அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் மடித்து வைத்துக்கொண்டேன். செத்த தேதி இருக்கிறதாம். "அந்தக் காய்ச்சல்ல எவன் எங்க பொதைச்சான்னு யாரு எழுதி வச்சா?" என்றார்.

இவ்வளவு பேர் ஆத்தா ஆத்தா என்று என்னைக் கூப்பிடுகிறார்கள். வாங்குவதற்குத்தான் கூப்பிடுகிறார்கள். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து சாப்பிட்டாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு ரொம்பத் தனியாக இருக்கிறது, தம்பி. உங்களிடம் போய் இதை எழுதுகிறேனே என்று வெட்கமாகவும் இருக்கிறது.

திருநாளுக்கு நாள் அதிகம் இல்லை. கையிருப்பும் கரைகிறது.

ஆரோக்கியம்மாள்


சேசு மரி சூசை

வல்லத்திராக்கோட்டை தபால்,
26-10-1937

மதினிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிச் சந்தனம் கேட்டாள். பாய்க்குக் காசு வாங்கினவன் விளங்குவானா என்கிறாள். சாப்பிட்டீர்களா என்று எழுதச் சொன்னாள். நானும் கேட்கிறேன். சாப்பிடாமல் மலையில் அலைய வேண்டாம்.

கடலை பிடுங்க ஆள் கிடைக்கவில்லை. உங்கள் துண்டு நிலத்தில் நானும் சந்தனமும் இறங்கிப் பாதி பிடுங்கிவிட்டோம். பிடுங்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது, அதற்காகத்தான் உடனே எழுதுகிறேன்.

அண்ணன் குடியிருந்த லயத்துக் கூலி வீடுகளில் பாதிப்பேர் நம் பக்கத்து ஆட்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். புதைத்தவர்களும் அவர்களாகத்தான் இருப்பார்கள். நம் பக்கத்தில் செத்தது வேதக்காரர் ஆனாலும் இந்து ஆனாலும் தலைமாட்டில் சோற்றுக் கற்றாழை நடாமல் யாராவது வீடு திரும்புவார்களா? அங்கே மழைக்காட்டில் அது தானாக முளைக்கிற செடி இல்லை. யாரோ கொண்டுபோய் நட்டிருந்தால்தான் உண்டு. ஆகவே கற்றாழையைத் தேடுங்கள். கற்றாழை இருக்கிற இடத்தில் அண்ணன் இருப்பார்.

குழி தோண்டுகிறவனைக் கேளுங்கள். ஆபீஸ்காரர்களைவிட அவனுக்குத் தெரியும். அவனும் காசு கேட்பான். இந்த ஒரு ஆளிடம் பேரம் பேச வேண்டாம்.

நீங்கள் கல்லறையைக் கண்டால் நான் விசாரித்ததாக அண்ணனிடம் சொல்லுங்கள்.

குழந்தைசாமி


சேசு மரி சூசை

ரம்புக்கணை,
3-11-1937

தம்பி,

கண்டுவிட்டேன்! உங்கள் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்.

குழி தோண்டுகிறவன் பெயர் பிச்சை. வயதானவன், ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கிறது. முதலில் நாலைந்து மேட்டைக் காட்டினான். இதுவா, அதுவா என்று என் முகத்தையே பார்த்தான். நான் கற்றாழை என்றேன். "அட, அதை மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று சரிவுக்குக் கீழே கூட்டிப்போனான். ரப்பர் மர நிழலில் ஒரு மேடு. தலைமாட்டில் இடுப்பளவு கற்றாழை, பக்கத்தில் குட்டி குட்டியாகக் கன்றுகள். அந்தச் செடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நம் கல்லறைத் தோட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறமாதிரியே இருந்தது.

பிச்சையின் கணக்கைக் கேளுங்கள். வழி காட்ட ஒரு கூலி, புல் செதுக்க ஒரு கூலி. திருநாளன்று போனபோது மேட்டின்மேல் புதிதாகக் குச்சிச் சிலுவை ஒன்று நின்றது. அதற்கு ஒரு கூலி. மழையில் திரி அணையாமல் வாழையிலையைப் பிடித்துக்கொண்டு நின்றதற்கு ஒரு கூலி. ஆத்மநாதன் மெழுகுவர்த்திக்குத் திருநாள் விலை என்று மூன்று மடங்கு வாங்கினார். எல்லாருக்கும் கொடுத்தேன். முகம் சுளிக்காமல் கொடுத்தேன்.

அவரோடு வெகுநேரம் பேசினேன். மூன்று வருஷத்துச் சமாசாரத்தையும் சொன்னேன். கிணறு வற்றினது, காளையை விற்றது, சந்தனத்துக்குப் பிள்ளை தங்காமல் போனது, எல்லாம். நீங்கள் விசாரித்ததையும் சொன்னேன். நாம் பேசாமல் இருப்பதைச் சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை. அவருக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார். ஊருக்கு வந்ததும் பேசிவிடலாம், தம்பி. எனக்கு இப்போது உங்கள்மேல் கோபம் இல்லை.

நேற்று நன்றாகத் தூங்கினேன். அரிசி மூட்டை நடுவில், எலி ஓடுகிற சத்தத்தில், அப்படி ஒரு தூக்கம். இன்னும் சில நாள் இருந்து சிமெண்டில் ஒரு சிலுவை கட்டி, அவர் பெயரைப் போட்டுவிட்டு வருகிறேன். கழுத்தில் கிடந்த சங்கிலி அதற்கு ஆகும்.

ஆரோக்கியம்மாள்


சேசு மரி சூசை

வல்லத்திராக்கோட்டை தபால்,
8-11-1937

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் கோவில் வாசலிலேயே கொடுத்தார். நின்றபடியே படித்தேன். பிறகு கோவிலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். மணியடிக்க வேண்டிய நேரத்துக்கு மணியடிக்கவில்லை. சாமியாரே வந்து பார்த்துவிட்டு என் கையிலிருந்த கடிதத்தை வாங்கிப் படித்தார். பொய் சொன்னதற்கு என்னை அவர் ஒன்றும் சொல்லவில்லை.

திருநாளன்று நான் நடுச் சிலுவையடியில் நின்றேன். நீங்கள் நிற்கிற இடத்தில் நின்று உங்களுக்காக ஒரு திரியும் எனக்காக ஒரு திரியும் ஏற்றினேன். அங்கே நின்று பார்த்தபிறகுதான் தெரிகிறது. சுற்றிலும் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே வருகிறவர்களுக்கு மட்டும் உட்கார இடமில்லை. நான் உங்களுக்கு முன்பு எழுதியதை மறந்துவிடுங்கள்.

ஒரு காரியம் கேட்கிறேன். வரும்போது அண்ணன் தலைமாட்டிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவாருங்கள். அப்பா அம்மா கல்லறைக்குப் பக்கத்தில் அதை வைத்து மேடு கட்டிக்கொள்ளச் சாமியார் சம்மதம் கொடுத்துவிட்டார். டிசம்பர் ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மேட்டை மந்திரித்து ஆசீர்வதிக்கிறார். அண்ணனை எடுத்து வருகிறோம் என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. இனிமேல் திருநாளுக்கு நீங்கள் உட்கார ஒரு இடம் இருக்கும்.

இன்று நானே மண்வெட்டி எடுத்து மேடு போட்டேன். சந்தனம் தண்ணீர் ஊற்றி மெழுகினாள். அண்ணன் உயரத்துக்கு அளந்து போட்டிருக்கிறேன்.

சங்கிலியை விற்க வேண்டாம்.

குழந்தைசாமி


சேசு மரி சூசை

ரம்புக்கணை,
15-11-1937

தம்பி,

இதை எழுதக் கை வரவில்லை. உங்கள் கடிதம் வந்து மூன்று நாளாகிறது.

அது அவர் இல்லை.

சனிக்கிழமை கொத்தனாரைக் கூட்டிப்போய்ச் சிலுவைக்கு அஸ்திவாரம் வெட்ட ஆரம்பித்தோம். ரப்பர் பால் வாளியைக் கீழே போட்டுவிட்டு ஒரு பெண் சரிவில் ஓடிவந்தாள். "யாருங்க நீங்க? எங்க வீட்டு ஆளு மேல எதுக்குங்க குழி வெட்டுறீங்க?" என்று மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டாள். அவள் பெயர் செவந்தி. அறந்தாங்கிக்குத் தெற்கே ஒரு ஊர். அங்கே கிடப்பது அவள் புருஷன் சிவசாமி. தலைக்கு எண்ணெய் காய்ச்ச ஊரிலிருந்து டின்னில் கொண்டுவந்து வளர்த்த கற்றாழையை அவள்தான் அங்கே நட்டிருக்கிறாள். திருநாளன்று வேறு மலையில் பால் வெட்டப் போயிருந்ததால் என்னைப் பார்க்கவில்லை. குச்சிச் சிலுவையைப் பார்த்து, யார் நட்டது என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவள்தான் என்னை எழுப்பி லயத்துக்குக் கூட்டிப்போனாள். "மொதல்ல கஞ்சி குடிங்க" என்றாள். குடித்தபிறகு எல்லாம் சொன்னாள். சிவசாமி முதலில் செத்தவர்களில் ஒருவராம். அப்போது குழி வெட்ட ஆள் இருந்தது. உங்கள் அண்ணன் போன நாட்களில் வெட்டுகிறவனே காய்ச்சலில் கிடந்தானாம். ஓடைக்கு அந்தப் பக்கம் நீளமாக ஒரே பள்ளம் வெட்டி முப்பது பேருக்குக் குறையாமல் வைத்து மூடியிருக்கிறார்கள். "நம்ம பக்கத்து ஆளுக, சிங்கள ஆளுக, எல்லாந்தான். வண்டி ஓட்டின ஒங்க வீட்டுக்காரரையும் அங்கதான் கொண்டுபோனாக. நான் கண்ணால பாத்தேன்" என்றாள். கற்றாழை நட யாருக்கும் தெம்பில்லையாம்.

என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாள். பள்ளமும் இல்லை, மேடும் இல்லை. வரிசை வரிசையாக இளம் ரப்பர் மரங்கள். அவ்வளவுதான். எந்த மரத்தடி என்று கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிச்சையிடம் போய்க் கத்தினேன். அவன் கோபப்படவே இல்லை. "நீங்க கத்தாழை கேட்டீங்க, நான் கத்தாழை காட்டினேன். வாரவுகளுக்கெல்லாம் எதையாவது காட்டணுமில்ல ஆத்தா? இல்லைன்னு சொன்னாலும் அழுகுறாக, காட்டினாலும் அழுகுறாக. காட்டினா கொஞ்சம் நிம்மதியா ஊருக்குப் போறாக" என்றான். வாங்கின காசைத் திருப்பித் தருவதாகவும் சொன்னான். நான் வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கிக்கொண்டால் அங்கே நான் பேசினதெல்லாம் என்ன ஆவது?

அவரிடம் என்று நினைத்து யாரோ ஒரு மனிதனிடம் நம் வீட்டுச் சமாசாரத்தையெல்லாம் சொல்லியிருக்கிறேன், தம்பி. செவந்தியிடம் இதைச் சொன்னேன். "கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருப்பாரு. நான் அவருக்கிட்ட எங்க பேசுறேன், வேலையே சரியாப் போகுது" என்றாள்.

அந்த நாட்களில் பார்க்க வந்த உறவுக்காரர்களும் இரண்டு பேர் அதே பள்ளத்தில் இருக்கிறார்களாம். நீங்கள் அன்றைக்கு வந்திருந்தால் சந்தனம் இன்று யாருக்குச் சோறு வைப்பாள்? உங்களைக் கேட்ட கேள்வியை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் மேடு போட்டுவிட்டீர்கள். ஊரைக் கூட்டிவிட்டீர்கள். நான் எங்கேயிருந்து மண் அள்ள? சொல்லுங்கள்.

ஆரோக்கியம்மாள்


சேசு மரி சூசை

வல்லத்திராக்கோட்டை தபால்,
20-11-1937

அன்புள்ள மதினிக்கு,

கற்றாழையைத் தேடச் சொன்னது நான். என் புத்தியைக் கொண்டு உங்களை வேறு ஒருவர் கல்லறையில் அழவைத்தேன். சர்வேசுரன் என்னை மன்னிக்கட்டும்.

இந்தக் கடிதத்தை நான் சந்தனத்திடம்கூட வாசிக்கவில்லை. யாருக்கும் தெரியாது. ஊரில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், கேளுங்கள். அண்ணனோடு மாடு மேய்த்தவர்களெல்லாம் ஐந்தாம் தேதிக்கு வருகிறார்கள். மேட்டுக்குச் சுற்றிக்கட்ட மூன்று வீட்டிலிருந்து செங்கல் வந்திருக்கிறது. சாமியார் பாட்டுப் பூசை வைக்கிறார். இத்தனைக்கும் பிறகு, அண்ணன் எந்த மரத்தடியில் என்று தெரியாது என நான் எப்படிப் போய்ச் சொல்வேன்?

அதனால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். செவந்தியைக் கேட்டு அந்தக் கற்றாழையடியிலிருந்தே ஒரு பிடி எடுத்து வாருங்கள். நீங்கள் மனதார அழுத இடம் அது. சர்வேசுரன் கணக்கில் அது அண்ணன் மண்தான். மண்ணைப் பார்த்து யார் என்ன கண்டுபிடிக்கப் போகிறார்கள்? உங்களுக்கு உட்கார ஒரு இடம் வேண்டும், மதினி. எனக்கும் வேண்டும். அப்பா அம்மா பக்கத்தில் அந்த மேடு வெறுமையாகக் கிடக்கிறது.

நான் வந்து உங்களைக் கூட்டிவரட்டுமா? அன்றைக்குக் காய்ச்சலுக்குப் பயந்தேன், இப்போது எனக்குப் பயமில்லை. ஒரு வரி எழுதுங்கள், புறப்படுகிறேன்.

குழந்தைசாமி


சேசு மரி சூசை

ரம்புக்கணை,
25-11-1937

அன்புள்ள தம்பி குழந்தைசாமிக்கு,

நீங்கள் வர வேண்டாம். வந்தால் கண்ணுசாமிக்கு இன்னொரு ஆள் கிடைக்கும். எந்த இடத்தில் இறங்க வேண்டும், எதற்கு என்ன விலை என்று இப்போது எனக்கு அத்துபடி. டிசம்பர் ஒன்றாம் தேதி புறப்படுகிறேன்.

கற்றாழையடி மண்ணை நான் எடுக்கவில்லை. செவந்தி கொடுக்கத்தான் செய்தாள். "எடுத்துக்கங்க அக்கா, அவரும் ஊரைப் பாத்து ரொம்ப நாளாச்சு" என்றாள். எனக்குக் கை போகவில்லை. மானாமதுரையிலிருந்து இந்தக் கடைவரைக்கும் ஒவ்வொருத்தனும் ஒன்றைக் காட்டி இன்னொன்றைச் சொல்லி என்னிடம் விற்றான். அதையே நான் கோவிலில் வைத்துச் செய்யமாட்டேன், தம்பி. ஊருக்குத் தெரியாமல் போகலாம். அந்த மேட்டுப் பக்கத்தில் உட்காரப்போகிறவள் நான் அல்லவா? ஒவ்வொரு திருநாளுக்கும் சிவசாமியை உங்கள் அண்ணன் என்று சொல்லிக்கொண்டு எத்தனை வருஷம் உட்கார?

முந்தாநாள் மழை விட்டிருந்தது. நானும் செவந்தியும் ஓடைக்கு அந்தப் பக்கம் போனோம். பள்ளம் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று அவளுக்குத் திட்டமாகத் தெரியவில்லை. பிச்சை தானாகவே வந்தான். கூலி கேட்கவில்லை. தடியால் தட்டித் தட்டி நடந்துபோய், இதிலிருந்து இதுவரைக்கும் என்று காட்டினான். இந்தத் தடவை உண்மையைத்தான் சொல்கிறான் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. செவந்தி ஆமாம் என்று தலையாட்டினாள், நம்பினேன். ஒவ்வொரு மரத்தடியாகக் குனிந்து ஒரு சிட்டிகை, ஒரு சிட்டிகை என்று எடுத்தேன். ஒரு மரத்தையும் விடவில்லை. ஏதாவது ஒரு மரத்தடியில் கை வைக்கும்போது உள்ளே ஏதாவது சொல்லும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. எல்லா மண்ணும் ஒரேமாதிரி ஈரமாக, செம்மண்ணாக, ரப்பர் பால் வாடையோடு இருந்தது. அதை மடியில் கட்டிக்கொண்டு அழுதேன். இவ்வளவு தூரம் வந்தும் அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லையே என்றுதான் அழுதேன். இனி முடியவும் முடியாது.

செவந்தியை ஊருக்கு வரச் சொன்னேன். சிவசாமியை விட்டுவிட்டு வரமாட்டேன் என்கிறாள். திருநாளுக்குத் திருநாள் அந்தக் கற்றாழையடியில் என் பங்குக்கும் ஒரு திரி ஏற்றுவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளுக்குத் திருநாள் என்றைக்கு என்று தெரியாது, தேதி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

தலைமன்னாரில் மூட்டையை அவிழ்த்து இது என்ன என்பார்கள். மண் என்பேன். மண்ணுக்கும் ஒரு விலை சொல்வார்கள். கேட்டதைக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறுவேன்.

நீங்கள் சாமியாரிடம் இந்தக் கடிதத்தை அப்படியே கொடுத்துவிடுங்கள். அண்ணன் கூட வருகிறவர்களில் வேதக்காரரும் உண்டு, இந்துக்களும் உண்டு, சிங்களவரும் உண்டு என்று சொல்லுங்கள். மந்திரிக்கச் சம்மதித்தால் மந்திரிக்கட்டும். இல்லையென்றால் நாமே செபம் சொல்லி வைத்துக்கொள்வோம். அறந்தாங்கிப் பக்கம் இந்தக் காய்ச்சலில் ஆளைப் பறிகொடுத்துவிட்டுத் திரி ஏற்ற இடமில்லாமல் இருக்கிற வீடுகள் இருந்தால், ஐந்தாம் தேதி வரச்சொல்லி ஆள் அனுப்புங்கள். அவர்கள் ஆளும் இதில் இருக்கலாம்.

அண்ணன் உயரத்துக்கு அளந்து மேடு போட்டதாக எழுதியிருந்தீர்கள். ஒரு ஆளுக்குப் போட்டது போதாது, தம்பி. நான் வந்து சேருவதற்குள் அதைக் கொஞ்சம் நீட்டிப் போட்டு வையுங்கள்.

உங்கள் மதினி,
ஆரோக்கியம்மாள்